தமிழ்நாட்டில் திருமணச் சட்டமும் பதிவும்

ஒரு திருமணம் செல்லுபடியாக எது தேவை, அதை மெய்ப்பிக்க எது தேவை என்பவை இரண்டு வேறு கேள்விகள் ஆகும். தமிழ்நாட்டில் இவ்விரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

1920களின் இறுதியில் சுயமரியாதை இயக்கத்தினர் புரோகிதரும் சமயச் சடங்குகளும் இல்லாத திருமணங்களை நடத்தத் தொடங்கினர். 1928 ஆம் ஆண்டு அருப்புக்கோட்டை அருகேயுள்ள சுக்கிலநத்தத்தில் பெரியார் ஈ. வெ. இராமசாமி தலைமையில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிப்பிடப்படுகிறது. 1953 இல், தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில், இம்முறைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் இவ்வாறு மணந்த பெண்களின் மனைவி என்ற தகுதியும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயின.

கா. ந. அண்ணாதுரை அரசு 1967 இல் கொண்டுவந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன், மனைவியாக ஏற்பதாக அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ அணிவித்துக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும், புரோகிதர் தேவையில்லை. முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் இத்திருத்தம் செல்லத்தக்கதாக்கியது.

பதிவு நீண்டகாலம் பெரும்பாலும் விருப்பத்தின்பாற்பட்டதாகவே இருந்தது. 2006 இல் சீமா எதிர் அசுவனி குமார் வழக்கில், திருமணப் பதிவைக் கட்டாயமாக்குமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதன்படி தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லாச் சமயத்தினருக்கும் பொதுவாக நடைமுறைக்கு வந்தது. திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. வயதுச் சான்று, முகவரிச் சான்று, ஒளிப்படங்கள், திருமணம் நடந்ததற்கான அழைப்பிதழ் அல்லது கோயில் ரசீது போன்றவை கேட்கப்படுகின்றன. சாட்சிகளின் கையொப்பமும் வேண்டும். மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

தொடக்கத்தில் திருமணம் நடந்த இடத்திற்குரிய சார்பதிவாளரிடமே பதிய வேண்டியிருந்தது. தேனி மாவட்டம் தேவதானப்பட்டியில் திருமணம் நடந்தால், மணமகள் வீடு கம்பத்தில் இருந்தாலும் தேவதானப்பட்டிக்குரிய அலுவலகத்தையே நாட வேண்டும். 2020 ஆம் ஆண்டுத் திருத்தம், மணமகன் அல்லது மணமகள் வசிக்கும் பகுதியிலும் பதிய வழிசெய்தது.

சான்றிதழ் மட்டுமே திருமணம் ஆகிவிடாது. உரிய சடங்கு நடவாத இந்து திருமணத்தைப் பதிவு செல்லுபடியாக்காது என 2024 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் வாரிசுரிமை, கடவுச்சீட்டு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்குத் திருமணத்தை மெய்ப்பிக்க எளிய சான்றாகப் பதிவே அமைகிறது.