எஃகு: கைத்திறனும் அறிவியலும்

எஃகு, இரும்போடு சிறிதளவு கரிமம் சேர்ந்த உலோகக் கலவை. அதில் கரிமத்தின் பங்கு நூற்றுக்கு இரண்டைத் தாண்டுவதில்லை. கரிமம் ஏறக்குறைய இல்லையென்றால் அது தேனிரும்பு. தட்டினால் நீளும், வளையும், ஆனால் தீட்டிய கூர் நிற்காது. கரிமம் மூன்று, நான்கு விழுக்காடாக ஏறினால் வார்ப்பிரும்பு. உருக்கி அச்சில் ஊற்றலாம், சம்மட்டியால் ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய எல்லைக்குள் நிற்பதுதான் எஃகு. இந்த உண்மை தெளிவாக எழுத்தில் வந்தது 18-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில். எஃகோ அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நல்ல தரத்தில் செய்யப்பட்டு வந்தது. முதலில் அறிவியல் கண்டுபிடிக்கும், பிறகு தொழில்நுட்பம் அதை எடுத்தாளும் என்று பாடநூல்கள் சொல்லும் வரிசை எஃகுக்குப் பொருந்தாது. செய்கை முந்தியது, விளக்கம் வெகு காலம் கழித்து வந்தது. அப்படியானால் அறிவியல் வந்து என்ன செய்தது? ஓர் ஊரின் மண்ணோடும் தாதுவோடும் கட்டுண்டு கிடந்த திறமையை எந்த ஊருக்கும் எந்தத் தாதுவுக்கும் பொருந்தும்படி அவிழ்த்துவிட்டது என்பதே இக்கட்டுரை தரும் விடை.

மனிதர் கையில் முதலில் கிடைத்த இரும்பு வானிலிருந்து விழுந்தது. எகிப்தின் கெர்சே இடுகாட்டில் கிடைத்த, கி.மு. 3200 அளவிலான மணிகள் விண்கல் இரும்பைத் தட்டிச் செய்தவை. துட்டன்காமுனின் குத்துவாளும் அத்தகையதே என்பதை அதிலுள்ள நிக்கலின் அளவு காட்டிக்கொடுத்தது. தாதுவிலிருந்து இரும்பைப் பிரித்தெடுப்பது வேறு வித்தை. அது எங்கே முதலில் நிகழ்ந்தது என்பதில் நெடுங்காலம் அனத்தோலியாவுக்கே முதலிடம் தரப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த அடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்குக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக் காலக்கணிப்புகளைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025-இல் வெளியிட்டது. இக்கணிப்புகள் இரும்போடு சேர்ந்து கிடைத்த கரி முதலிய பொருள்களைக் கொண்டு செய்யப்பட்டவை. அதனால் இன்னும் பல இடங்களில் இதே விடை கிடைக்க வேண்டும் என்று கேட்கும் அறிஞரைக் குறைசொல்ல முடியாது. யார் முந்தி என்ற போட்டி நம் நாளேடுகளுக்கு இனிக்கலாம். இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு அது தேவையில்லை. காலம் எதுவாயினும், இரும்பு உருக்கியவருக்கு வேதியியல் கிடையாது.

வேதியியல் இல்லாமலே அவர்கள் எதுவரை போனார்கள் என்பதற்குத் தென்னிந்திய மூசை எஃகைவிட நல்ல சான்று இல்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பழைய தென்னார்க்காட்டுப் பகுதியிலுள்ள மேல்சிறுவளூரிலும் தெலங்கானாவின் கோனசமுத்திரத்திலும் உடைந்த மூசைகள் கிடைத்துள்ளன. செய்முறையைச் சேலம் பக்கத்தில் நேரில் பார்த்து எழுதியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். அவர் குறிப்பு வெளியான ஆண்டு 1839. தேனிரும்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி மண் மூசைக்குள் இடுவார்கள். அதோடு காய்ந்த ஆவாரங்குச்சியைப் பொடித்துப் போட்டு, மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலையை வைத்து மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இப்படி இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை வளைவாக அடுக்கிக் கரியைக் குவித்து, இரண்டு ஆட்டுத்தோல் துருத்திகளால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் விடாமல் ஊதுவார்கள். குச்சியும் இலையும் உள்ளே கரியாகி இரும்புக்குக் கரிமத்தைத் தரும். கரிமம் ஏற ஏற இரும்பு உருகும் வெப்பநிலை இறங்கும். தூய இரும்பு உருக 1538 செல்சியஸ் வேண்டும். தோல் துருத்தி அவ்வளவு வெப்பத்தைத் தராது. ஒன்றரை விழுக்காடு கரிமம் ஏறிய இரும்பு அதற்கும் கீழே உருகிவிடும். மூசை செய்யும் களிமண்ணில் உமி கலந்ததும் காரணத்தோடுதான்: உமியிலுள்ள மணற்சத்து மூசையை வெப்பத்தில் இளகாமல் தாங்கும். வூட்ஸ் என்று ஐரோப்பியர் அழைத்த இந்த எஃகுக் கட்டிகள் மேற்கு ஆசியாவுக்குப் போய், நீரலை போன்ற வரிகள் ஓடும் தமாஸ்கஸ் வாள்கள் ஆயின.

இதையே அறிவியல் என்று சொன்னால் என்ன என்று கேட்கலாம். சோதித்துப் பார்த்தார்கள், தவறியதை விட்டார்கள், பலித்ததை வைத்துக்கொண்டார்கள். அறிவியல் வேறு என்ன செய்கிறது? கேள்வியில் நியாயம் உண்டு, ஆவாரையும் எருக்கும் குருட்டாம்போக்கில் வந்தவை அல்ல. ஆனால் ஒரு முறை பலிக்கிறது என்று அறிவதற்கும், அது எதனால் பலிக்கிறது என்று அறிவதற்கும் உள்ள தூரம் நெருக்கடியில்தான் தெரியும். தமாஸ்கஸ் வாளின் வரிகளை மீண்டும் உருவாக்க அமெரிக்க உலோகவியலார் வெர்கோவனும் வாள் செய்பவரான பென்ட்ரேயும் பல ஆண்டுகள் முயன்றார்கள். தாதுவோடு தற்செயலாக வந்த வனேடியம் போன்ற தனிமங்கள் மிகமிகச் சிறிய அளவில் இருந்தால்தான் அவ்வரிகள் தோன்றுகின்றன என்று 1998-இல் எழுதினார்கள். அந்தத் தாது தீர்ந்துபோனபோது அதே கை, அதே உலை, அதே சம்மட்டி இருந்தும் வரி விழவில்லை. வித்தை அழிந்ததற்கு இதுவும் காரணம் என்பது அவர்கள் கருத்து. முழுதும் ஏற்கத் தேவையில்லை என்றாலும், கொல்லரின் அறிவு எங்கே முடிகிறது என்பதை இது காட்டுகிறது. பலிக்காதபோது எதை மாற்றுவது என்பதற்கு அவரிடம் வழி இல்லை.

மற்ற நாடுகளின் கதையும் இதே போக்குத்தான். சீனர் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே வார்ப்பிரும்பு ஊற்றினார்கள், கி.பி. 31-இல் தூ ஷி என்ற அதிகாரி நீரோட்டத்தால் இயங்கும் துருத்தியை அமைத்தார். தில்லி இரும்புத் தூண் 1600 ஆண்டுகளாக மழையில் நின்றும் பெரிதாகத் துருப்பிடிக்காததற்கு அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ் முக்கியக் காரணம் என்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார், தூணை வடித்தவருக்குப் பாஸ்பரஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தொழிற்புரட்சியின் தொடக்கமும் விலக்கல்ல. 1709-இல் மரக்கரிக்குப் பதில் கல்கரியால் இரும்பு உருக்கிய ஆபிரகாம் டார்பியும், 1740-களில் ஷெஃபீல்டு அருகே மூசையில் எஃகு உருக்கிய பெஞ்சமின் ஹன்ட்ஸ்மனும் ஆய்வாளர்கள் அல்லர். ஹன்ட்ஸ்மன் கடிகாரம் செய்பவர். நல்ல சுருள்வில் வேண்டும் என்பதே அவர் தேவை.

விளக்கம் வரத் தொடங்கியது 1780-களில். சுவீடனின் பெர்க்மன் 1781-இல் இரும்பு வகைகளைப் பகுத்தாய்ந்தார். பிரான்சின் வான்டர்மோண்ட், பெர்தொலே, மோன்ஜ் மூவரும் 1786-இல் எஃகின் குணத்துக்குக் கரிமமே காரணம் என்று நிறுவினார்கள். அடுத்த ஆய்வுப்பொருள் இந்தியாவிலிருந்து போனது. பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் அனுப்பிய வூட்ஸ் கட்டிகள் 1794 வாக்கில் ஜோசப் பேங்க்ஸின் கைக்கு வந்தன. மறு ஆண்டே ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியில் அவற்றைப் பற்றிக் கட்டுரை படித்தார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-இல் வூட்ஸைப் பகுத்துப் பார்த்து, அதன் சிறப்புக்கு அலுமினியச் சேர்க்கை காரணம் என்று எண்ணினார். அது தவறு, பாரிசின் பிரேயான் சில ஆண்டுகளில் கரிமத்தின் அளவையே சுட்டினார். ஆனாலும் அந்தத் தவறான எண்ணமே ஃபாரடேயை வெள்ளி, பிளாட்டினம் என்று பல உலோகங்களை எஃகோடு கலந்து பார்க்கத் தூண்டியது. கலப்பு எஃகு ஆய்வுகளின் தொடக்கம் அது. கைத்திறன் அறிவியலுக்குக் கேள்வியைக் கொடுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வளவு சிறந்த தொழில் பிரிட்டிஷாரால் திட்டமிட்டு அழிக்கப்பட்டது என்ற வாதம் தமிழகத்தில் பரவலாக உண்டு. காலனி ஆட்சியின் காட்டுச் சட்டங்கள் மரக்கரியைக் கொல்லரிடமிருந்து பறித்ததும், மலிவான இங்கிலாந்து எஃகு சந்தையை நிறைத்ததும் உண்மை. ஆனால் பரங்கிப்பேட்டையை மறந்துவிடக் கூடாது. சேலம் தாதுவை நம்பி 1830-இல் அங்கே ஐரோப்பிய முறை உலைகளை நிறுவியவர் அதே ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி கடன் கொடுத்தது. ஆட்சியின் ஆதரவும் முதலும் இருந்தும் ஆலை நிலைக்கவில்லை. மரக்கரியை நம்பிய எந்த உலையும் கல்கரி உலையோடு விலையில் போட்டியிட முடியாது. நிலக்கரியோ சேலத்துக்கு அருகில் இல்லை. ஆக, அழிவுக்கு ஆட்சி ஒரு காரணம், எரிபொருள் மற்றொரு காரணம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறு ஆகாது. ஹீத் எஃகுக்கு மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதைச் சற்றே மாற்றிக் கையாண்டு பணம் பார்க்க, ஹீத் வழக்கு மன்றங்களில் அலைந்தார்.

1856 ஆகஸ்டில் செல்டனம் நகரில் ஹென்றி பெசமர், உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றைச் செலுத்தி, தனி எரிபொருளின்றியே எஃகு செய்யலாம் என்று அறிவித்தார். உள்ளிருக்கும் கரிமமும் சிலிக்கனும் எரிந்தே வெப்பம் தரும். ஆலை முதலாளிகள் ஒரு மாதத்துக்குள் 27,000 பவுண்டு கொடுத்து உரிமம் வாங்கினார்கள். அவர்கள் வார்த்த எஃகு நொறுங்கியது. பெசமர் சோதனைக்கு எடுத்த இரும்பில் தற்செயலாகப் பாஸ்பரஸ் குறைவு. மற்றவர்கள் இரும்பில் மிகுதி. அமிலத் தன்மையுள்ள உலைப்பூச்சு பாஸ்பரசை அகற்றாது. இதே சிக்கல் சேலத்துக் கொல்லருக்கு வந்திருந்தால் வேறு மலைக்குத்தான் போயிருப்பார். பெசமரும் முதலில் அதையே செய்தார், பாஸ்பரஸ் குறைந்த தாதுவைத் தேடினார். விடை கண்டவர் இலண்டன் காவல் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து, மாலையில் வேதியியல் படித்த சிட்னி கில்கிரிஸ்ட் தாமஸ். பாஸ்பரஸ் எரிந்தால் அமில ஆக்சைடு. அதைக் கட்டிப்போட காரத் தன்மையுள்ள பூச்சு வேண்டும். வேல்சின் பிளைனாவன் ஆலையில் வேதியியலராக இருந்த உறவினர் பெர்சி கில்கிரிஸ்டுடன் டோலமைட் பூச்சைச் சோதித்து, 1879-இல் மிடில்ஸ்பரோவில் செய்து காட்டினார். அதுவரை பயனற்றுக் கிடந்த லொரேன் தாது ஒரே அடியில் செல்வம் ஆனது. 1890-களில் ஜெர்மனி எஃகு உற்பத்தியில் பிரிட்டனை முந்தியது. கசடுகூட வீணாகவில்லை, பாஸ்பரஸ் உரமாக விற்றது. எஃகு வரலாற்றில் விளக்கம் செய்கையை முந்திச் சென்ற முதல் பெரிய தருணமாக இதையே நான் எண்ணுகிறேன்.

அதன்பின் வேகம் கூடியது. அதற்கு முன்பே, 1863-இல், ஹென்றி கிளிஃப்டன் சோர்பி எஃகை மெருகேற்றி அமிலத்தால் அரித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது உள்ளே மணிமணியான கட்டமைப்பு தெரிந்தது. இருபது ஆண்டுகள் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பிறகு ஆலைகளின் ஆய்வுக்கூடங்களில் அன்றாட வேலையானது. 1913-இல் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழாய்க்கு ஏற்ற எஃகைத் தேடிய ஹாரி பிரியர்லி, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த ஒரு மாதிரியை அமிலம் சரியாக அரிக்கவில்லை என்று கண்டார். சோதனை முறைக்கு அது தொல்லை. அந்தத் தொல்லையில் பயனைப் பார்த்தவரும் அவரே. இன்று நம் அடுக்களையில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரம் அந்த வழியில் வந்தது. இந்தியாவில் 1907-இல் தொடங்கிய டாடா ஆலை நிலவியலர் பி. என். போஸ் சுட்டிக்காட்டிய மயூர்பஞ்சின் தாதுவை நம்பி அமைந்தது. 1912-இல் சாக்சியில், இன்றைய ஜாம்ஷெட்பூரில், முதல் எஃகு வார்க்கப்பட்டது.

இன்று உலகம் ஆண்டுக்கு 180 கோடி டன்னுக்கு மேல் எஃகு செய்கிறது. இந்தியா சீனாவுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கப் பெரும்பாலும் கரியே பயன்படுவதால், ஒரு டன் எஃகுக்கு ஏறக்குறைய இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு பிரித்தால் நீராவிதான் வெளிவரும் என்பது வேதியியலுக்கு நெடுநாளாகத் தெரியும். மலிவாகச் செய்யத்தான் கைத்திறன் இன்னும் போதவில்லை. சுவீடனில் அப்படிப் பிரித்த இரும்பிலிருந்து செய்த எஃகு 2021 ஆகஸ்டில் முதன்முதலாக ஒரு வாகன நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது.