பழைய தச்சுக் கைக்கருவிகள்: கொரட்டூர் வட்டாரம்

மின்விசைக் கருவிகள் பரவுவதற்கு முன் மரவேலைக்குப் பயன்பட்ட உளி, இழைப்புளி, ரம்பம், வாய்ச்சி, துரப்பணம், கொட்டாப்புளி ஆகியவை பழைய தச்சுக் கைக்கருவிகள் எனப்படுகின்றன. இவற்றைத் தேடிச் சேர்த்தல், பழுது நீக்கிக் கூரேற்றல், மறுபடி வேலைக்கு எடுத்தல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. கூர் இல்லாத உளி காட்சிப் பொருளே. மரத்தில் இறங்கும்போதுதான் அது உளி. சென்னையின் மேற்குப் புறநகரான கொரட்டூரைச் சுற்றி ரயில்பெட்டித் தொழிலும் வார்ப்படத் தொழிலும் வளர்ந்தன. வீட்டுத் தச்சில் காணக்கிடைக்காத நுண்கருவிகளுக்கு அவற்றால் இங்கே வேலை இருந்தது.

வட்டாரப் பின்னணி

கொரட்டூர், சென்னை சென்ட்ரல்–அரக்கோணம் ரயில் பாதையில் வில்லிவாக்கத்தை அடுத்து உள்ளது. அதே பாதையில் கிழக்கே, பெரம்பூரில் மதராஸ் ரயில்வேயின் பெட்டி, வேகன் பணிமனை 1856இல் தொடங்கியது. அக்காலப் பெட்டிகளின் உடலுக்குத் தேக்கே முதன்மை மரம். பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) முழு எஃகுப் பெட்டிகளைக் கட்டியது; மரப்பெட்டிகளின் காலம் படிப்படியாக முடிந்தது.

1964இல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை தச்சருக்கு வேறொரு வேலையைக் கொடுத்தது. வார்ப்படச் சாலையில் உருக்கிய இரும்பை ஊற்றுமுன் மணலில் அச்சுப் பதிக்க வேண்டும்; அதற்கு மரத்தால் மாதிரி செய்ய வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறத்தாழ ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுருங்குகிறது. ஆகவே மாதிரி செய்பவர் அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்துப் பிரித்த தனி அடிக்கோலை வைத்திருப்பார். சாதாரண அடிக்கோலோடு ஒட்டிப் பார்த்தால் அது அடிக்கு ஒரு நூல் நீண்டிருக்கும். விவரம் அறியாதவர் அதைத் தவறான அளவுகோல் என்று ஒதுக்கிவிடலாம். அறிந்தவருக்கு அது ஒரு தொழிலின் சாட்சி. உட்புறமாகச் சாணை பிடித்த நகவுளியும் மாதிரித் தச்சரின் தனி அடையாளம்.

கருவிகளும் உருக்கும்

உள்ளூர்க் கருவிகள் தரையில் அமர்ந்து, காலால் மரத்தைப் பிடித்து வேலை செய்யும் முறைக்கேற்ப அமைந்தவை. கொட்டாப்புளிக்குப் புளியமரமும், பிடிகளுக்குக் கருவேலமும் ஏற்றவை. இரண்டும் அடி தாங்கும். மர உடலும் ஆப்பும் கொண்ட இழைப்புளியில் அலகைச் சுத்தியலால் தட்டித்தான் ஏற்றி இறக்க வேண்டும்.

இரும்பு இழைப்புளி அமெரிக்காவிலிருந்து வந்த வடிவம். லியனார்ட் பெய்லி உருவாக்கிய அமைப்பை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. அதன் எண் வரிசை இன்றும் பொதுமொழி: நான்காம் எண் முடிப்பு இழைப்புக்கு, 14 அங்குல ஐந்தாம் எண் முதல் இழைப்புக்கு, 22 அங்குல ஏழாம் எண் நீண்ட பலகையின் விளிம்பை நேராக்க.

பிரிட்டனின் ஷெஃபீல்டில் செய்த பழைய உளிகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற முத்திரை இருக்கும். இது வார்ப்பிரும்பு அன்று. மூசையில் உருக்கிய எஃகு. இதில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிச் சேலம் பகுதித் தாதுவை உருக்கினார். பின்னர் பிரிட்டன் திரும்பி, மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அம்முறை ஷெஃபீல்டில் பரவியது. காப்புரிமை வழக்குகள் தீருமுன்பே ஹீத் இறந்தார்.

திரட்டுதல்

சென்னையில் பழம்பொருளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. இன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, பழைய இரும்புக் கடைகள், ஓய்வுபெற்ற தொழிலாளர் வீட்டுப் பெட்டிகள் ஆகியவையே தேடும் இடங்கள். இரும்புக் கடையில் கருவி எடைக்கு விலைபோகிறது. அடுத்த இடம் உலை என்பதால், அங்கே வாங்குவது அதை மீட்பதாகும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. இழைப்புளியின் உடலைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமான ஒலி விரிசலைக் காட்டலாம். மேல்துரு போய்விடும்; ஆனால் அலகின் தட்டையான பின்புறத்தில், வாயருகே விழுந்த ஆழமான துருக்குழி எளிதில் போகாது. உளியின் வாய் நீலம் பாரித்திருந்தால் சாணையில் சூடேறிப் பதம் இழந்திருக்கிறது. நீலம் பாய்ந்த அளவுக்குத் தேய்த்துக் கழித்தபின்னரே அது வேலைக்கு உதவும்.

சீரமைத்தல்

முதலில் பாகங்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் பழைய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும். துருவுக்கு வினிகரில் ஓர் இரவு ஊறல் போதும்; பின் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். இழைப்புளியின் அடிப்பாகத்தைக் கனமான கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தலாம். அப்போது அலகைப் பூட்டி, வாய் உள்ளே இருக்குமாறு பின்னிழுத்து வைக்க வேண்டும். இறுக்கத்தில் உடல் எடுக்கும் வளைவையும் சேர்த்தே சமன் செய்ய இதுவே வழி.

கூரேற்றம் அலகின் பின்புறத்திலிருந்து தொடங்குகிறது. பின்புறம் தட்டையாகிப் பளபளத்த பிறகு, சாய்வை 25 பாகையில் சாணை பிடித்து, வாயை மட்டும் 30 பாகையில் கல்லில் தீட்டினால் பிசிர் எழும். அதைப் பின்புறம் திருப்பி நீக்கி, தோலில் வருடினால் கூர் முடிகிறது.

பளபளப்பு ஏற்றுவது சீரமைப்பின் நோக்கம் அன்று. பிடியில் யாரோ பொறித்த பெயரெழுத்தையும், உள்ளங்கை தேய்த்த வழவழப்பையும் உப்புத்தாளால் அழித்தால், அந்தக் கருவியோடு வாழ்ந்தவரின் தடயமே போய்விடும். அவற்றை விட்டுவைப்பது மரியாதை; அடுத்தவர் படிக்க வரலாறும் அதுதான்.

பயன்பாடும் பராமரிப்பும்

தேக்கில் உள்ள சிலிக்கா அலகை விரைவில் மழுக்கும். வேலை நடுவே பலமுறை தீட்ட நேரிடும். இடித்த வீடுகளிலிருந்து வரும் கதவு, நிலை மரங்களில் மறைந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கிய பிறகே இழைக்க வேண்டும். நார் ஓடும் திசையில் இழைத்தால் மரம் பெயராமல் மெல்லிய சுருளாக வரும். எதிர்த்து இழைத்தால் பிய்யும். கைவேலையில் எழுவது சுருளும் சிறு ஓசையுமே என்பதால், அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலும் இதைச் செய்ய முடிகிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் காற்றின் ஈரம் ஓரிரு நாளில் துருவைக் கொண்டுவந்துவிடும். எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பதும், கருவிப் பெட்டியில் ஒரு துண்டுக் கற்பூரம் போடுவதும் பழைய காப்பு முறைகள். ஆயுத பூஜைக்குக் கருவியைத் துடைத்து, எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் இடும் வழக்கமும் ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க வைக்கிறது. பிடி ஆடுகிறதா, வாய் உடைந்திருக்கிறதா என்பது பூசைக்குத் துடைக்கும் அந்தக் கைக்குத்தான் முதலில் தெரியவருகிறது.