உள்கதவுக் கண்ணாடி

மும்பை குர்லாவில் பழைய வீடு எதற்குள் போனாலும் என் கண் முதலில் உள்கதவுக்குத்தான் போகும். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த ஆசாரிக் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குப் பிறகு நான் கண்ணாடி வேலையில் இறங்கினேன். தெருப்பக்க ஜன்னலில் மழையும் கிரிக்கெட் பந்தும் பழைய கண்ணாடி எதையும் விட்டுவைப்பதில்லை. கூடத்துக்கும் அறைக்கும் நடுவிலுள்ள தேக்குக் கதவில் மட்டும் ஆதியில் போட்டது அப்படியே இருக்கும். சாய்ந்து பார்த்தால் எதிர்ச்சுவர்க் காலண்டர் லேசாக நெளியும். நெளிந்தால், அது உருகிய குழம்பிலிருந்து தகடாக இழுத்த அந்தக் காலத்துச் சரக்கு.

கடைக்காரர்கள் அதையெல்லாம் பொத்தாம்பொதுவாக ‘பெல்ஜியம்’ என்பார்கள். ஜப்பான் சரக்கும் வந்துகொண்டிருந்தது. 1940 மே மாதம் ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானும் எதிரி நாடானது. இரண்டு வழியும் அடைபட்ட பிறகுதான், 1944 ஏப்ரல் 14 அன்று, இங்கே விக்டோரியா கப்பல்துறையில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்தது. உள்ளே பஞ்சும் சுமார் 1,400 டன் வெடிபொருளும். சிம்லாவிலிருந்த நிலநடுக்கக் கருவிகூட அந்த அதிர்வைப் பதிவுசெய்ததாம். மைல் கணக்கில் ஜன்னல்கள் நொறுங்கின. அப்போது மஸ்ஜித் பந்தரில் வேலை பார்த்த அப்பா, கண்ணாடி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் தகரமும் பலகையும்தான் அடித்துக் கொடுத்தாராம்.

உள்கதவில் ஒரு சில்லு உடைந்தால் மாற்றுவது லேசு என்று நினைப்பார்கள். ஜன்னலைவிட அதுதான் பாடு. சாக்குத்தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்து வைத்த பட்டி, வெயில் படாத இடத்தில் உதிராமல் கல்லாக இறுகியிருக்கும். நெருப்புக் காட்டினால் பக்கத்துக் கண்ணாடியும் தெறிக்கும். மெல்லிய உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுக்க வேண்டும். பழைய சட்டம் மூலைமட்டத்தில் நிற்காது; அதனால் அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடத்தில் அளந்து, சின்ன அளவை எடுத்து, அதிலும் ஒரு நூல் குறைத்து அறுப்பேன். இறுக்கமாக உட்காரவைத்தால் மழைக்காலத்தில் மரம் ஊதி கண்ணாடி கீறிவிடும். அடியில் மெல்லிய பட்டி, தலையில்லாச் சிற்றாணி, மேலே சாய்த்து வழித்த பட்டி. பிற்பாடு மேல்பட்டி போய் மரப் பீடிங் வந்தது. வேலை சுத்தம்தான், ஆனால் ஆணி துருப்பிடித்தால் ஆட்டம் கொடுக்கும்.

இன்றைய நெளிவில்லாக் கண்ணாடிக்கு வழிகண்டவர் இங்கிலாந்தின் அலஸ்டைர் பில்கிங்டன். உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிடும் அந்த முறையை அவர் கம்பெனி 1959-ல் அறிவித்தது. 2000-ல் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே செயின்ட் கோபேன் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று நான் போடும் துண்டு அந்தப் பழைய கதவில் தனியாகத் தெரியும்; மற்றதில் நெளியும் காலண்டர் இதில் நேராக நிற்கும். வீட்டுக்காரர்கள் கதவிலுள்ள எல்லாக் கண்ணாடியையும் மாற்றச் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பார்ப்பேன், பாதிப் பேர் கேட்பார்கள்.

புதுக் கட்டடங்களில் ஃப்ளஷ் கதவு; கண்ணாடி கிடையாது. அப்படியே இருந்தாலும் டஃபன்டு கண்ணாடிதான். அதைச் சூட்டில் பதப்படுத்திய பிறகு அறுக்க முடியாது. அளவு சொல்லி வரவழைக்க வேண்டும். ஒரு நூல் கூடிவிட்டால் துண்டே வீண், காசு நம் கையிலிருந்து.