ஹைப்போவும் தண்ணீரும்: படம் நிலைத்த கதை



புகைப்பட வரலாறு என்றால் நாம் இப்னுல் ஹைதமோடு தொடங்கி அவரோடேயே முடித்துவிடுகிறோம். நானும் வகுப்பில் அப்படித்தான் செய்து வந்தேன். ஆனால் இருட்டறைக்குள் உருவம் விழுவதை அவர் விளக்கியது பாதிக் கதைதான். விழுந்த உருவத்தைப் பிடித்து வைக்க இன்னும் எண்ணூறு வருடங்கள் சென்றன.

1802இல் இங்கிலாந்தில் தோமஸ் வெட்ஜ்வுட்டும் ஹம்ப்ரி டேவியும் வெள்ளி உப்புப் பூசிய தாளிலும் தோலிலும் உருவங்களைப் பதித்துக் காட்டினார்கள். பதிந்தது, ஆனால் நிற்கவில்லை. வெளிச்சம் படாத வெள்ளி உப்பு அப்படியே இருந்ததால், பகலில் எடுத்துப் பார்த்தால் தாள் முழுதும் கறுத்துவிடும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கொஞ்சம் பார்த்துவிட்டு மறைத்து வைக்க வேண்டும். நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அந்த மிச்ச உப்பைக் கரைக்கும் மருந்தை வானியலாளர் ஜோன் ஹெர்ஷல் 1819இலேயே கண்டுவிட்டார். ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்களே, அதுதான். (உயர்தர மாணவர்களே, சோடியம் தயோசல்பேற்று.) அது படத்துக்கு உதவும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? 1839 ஜனவரியில் டாகுவேரின் செய்தி பரிஸிலிருந்து வந்ததும்தான் அவர் அதைப் படத்தில் போட்டுப் பார்த்தார். பெப்ரவரி 1இல் தன்னைப் பார்க்க வந்த டல்பொட்டிடம் ஒளிக்காமல் சொல்லியும் கொடுத்தார். அதுவரை டல்பொட் கறியுப்புக் கரைசல் போன்றவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

1867இல் ஹெர்ஷலைப் புகழ்பெற்ற படமாக எடுத்தவர் அவருடைய தோழி ஜூலியா மார்கரட் கமரன். அந்த அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவையில் அடக்கப்பட்டிருக்கிறார்.

ஹைப்போ வந்தும் படங்கள் மங்கின. 1855இல் லண்டன் புகைப்படச் சங்கம் இதை ஆராயவே ஒரு குழு அமைத்தது; விக்டோரியா மகாராணியின் கணவர் 50 பவுண் கொடுத்தார். குழு கண்ட முக்கிய காரணம், சரியாகக் கழுவாமல் விட்ட ஹைப்போ! உள்ளே தங்கும் ஹைப்போ சிதைந்து, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைத் தாக்கி மஞ்சளாக, பிறகு பழுப்பாக மாற்றிவிடும். காப்பாற்றிய மருந்தே கொல்லும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு தகவல். இரண்டாம் உலகப் போரில் நன்னீர் அருமையான அமெரிக்கக் கப்பல்களில் கடல்நீரால் கழுவிப் பார்த்தபோது, ஹைப்போ நன்னீரைவிட விரைவாக வெளியேறியது. உப்பு தங்காமலிருக்க, கடைசியில் கொஞ்சம் நன்னீரில் அலசினால் போதும். பின்னாளில் கொடக் விற்ற ஹைப்போ நீக்கி இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான்.

வீட்டில் பிலிம் கழுவும் தம்பிமார், பால் நிறம் மறைய எடுக்கும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஹைப்போவில் வையுங்கள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு நிற்க வேண்டாம். ஆற்றில் வுழூ செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இல்ஃபோர்ட் கம்பெனி சொல்லும் முறை இது: டாங்கியில் நீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்து நிமிர்த்தி ஊற்றிவிடுங்கள். புது நீரில் 10 தடவை. மீண்டும் புது நீரில் 20 தடவை. பிலிமை இறுக்கும் மருந்து கலக்காத ஹைப்போவுக்கே இது சரி. கடதாசிப் படத்துக்கு இது போதாது.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் இரவல் கமராவில் ஒரு ரோல் எடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டு நிமிடம் அலசிவிட்டுத் தொங்கவிட்டேன். மூத்தாப்பாவின் ஒரே நல்ல படம் அதில்தான் இருக்கிறது. தொப்பியும் தாடியும் இன்னும் தெளிவு. தோளிலிருந்து கீழே மஞ்சள் ஏறிவிட்டது. போன கிழமைதான் ஸ்கேன் பண்ணினேன்.

உங்கள் அலுமாரியில் பழைய நெகட்டிவ் இருந்தால் எறிய வேண்டாம், நீங்களாகக் கழுவவும் வேண்டாம். என்னிடம் கொண்டு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் ஸ்கேன் பண்ணித் தருகிறேன்.