சாப்பாட்டு மேஜையும் சொட்டு மருந்தும்

1905-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 23-ஆம் தேதி, சிகாகோ நகரத்து யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில், வக்கீல் பால் ஹாரிஸும், அவ்வறைக்குரியவரான சுரங்க எஞ்சினீயர் குஸ்டவஸ் லோயரும், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலும், தையற்காரர் ஹைரம் ஷோரியும் கூடி உட்கார்ந்தபோது, அவர்களில் எவருடைய சித்தத்திலும் லோகோபகாரம் என்ற எண்ணம் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. கிராமத்தில் வளர்ந்து மாநகரத்தில் தனிமைப்பட்ட ஹாரிஸுக்குச் சிநேகிதர்கள் வேண்டியிருந்தது. சிநேகத்தோடு வாடிக்கையும் சேர்ந்து வந்தால் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஒரு தொழிலுக்கு ஓர் அங்கத்தினரே என்று விதி செய்ததும் ஒருவரோடொருவர் போட்டியின்றி வியாபாரம் செய்துகொள்ளத்தான். கூட்டம் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறை வைத்துச் சுழன்று நடந்தமையால் ரோட்டரி என்ற நாமம் ஏற்பட்டது. தொகை பெருகியதும் கூட்டம் ஹோட்டல்களுக்குப் போயிற்று; அங்கே சாப்பாடு சேர்ந்தது; அச்சகக்காரரான ஹாரி ரகிள்ஸின் உற்சாகத்தால் பாட்டும் சேர்ந்தது.

இப்படி உண்டு, பாடி, வியாபாரம் பேசிக் கலைகிற சபை அந்த வழியிலேயே முடிந்துபோயிருக்கலாம். 1906-இல் அங்கத்தினராக அழைக்கப்பட்ட டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீல், தன் அங்கத்தினருக்கன்றி ஊருக்கு ஒன்றும் செய்யாத சபைக்கு நெடுநாள் ஆயுள் இராது என்று சொல்லி, முதலில் சேர மறுத்துவிட்டார். அவருடைய மறுப்பு சபையாரைத் தைத்தது. மறு வருஷமே அவர்கள் கையிலெடுத்த முதற் கைங்கரியம், நகரத்தின் நடுவே ஜனங்களுக்குப் பொதுக் கழிப்பிடம் கட்டுவிப்பது. ஆண்களுக்குச் சாராயக் கடைகளிலும் பெண்களுக்குப் பெரிய ஜவுளி மாளிகைகளிலும் அந்த வசதி இருக்கிறதே என்று அந்தந்தக் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். அவசரத்துக்கு உள்ளே நுழைகிறவன் வெறுங்கையோடு திரும்பமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. 1909-இல் கட்டடம் எழுந்தது. தேக சுகத்தின் முதற் பாடம் சுத்தமே ஆதலால், பின்னாளில் திரட்டிய கோடிகளைக் காட்டிலும் இந்தக் கழிப்பிடத்தையே நான் பெரிதென மதிக்கிறேன்.

ஒஹையோ மாகாணத்து எலிரியாவில் இந்தத் தொண்டுக்கு வேறொரு கிளை முளைத்தது. 1907-இல் நிகழ்ந்த டிராம் விபத்தில் மகனைப் பறிகொடுத்த எட்கர் ஆலன் என்ற வியாபாரி, தக்க ஆஸ்பத்திரி இல்லாத குறையை உணர்ந்து, நிதி திரட்டி ஊருக்கு ஒன்றைக் கட்டுவித்தார். அதன் பின் அங்கஹீனமான குழந்தைகளின் சிகிச்சையே அவருக்கு விரதமாயிற்று; 1919-இல் அதற்கென அவர் ஸ்தாபித்த சங்கத்துக்கு ரோட்டரிக்காரர்கள் தோள் கொடுத்தார்கள். அக்குழந்தைகளை முடமாக்கிய வியாதிகளுள் போலியோ என்கிற இளம்பிள்ளை வாதமும் ஒன்று.

அந்த வியாதியையே எதிர்க்கப் பல தசாப்தங்கள் கழிந்தன. 1979-இல் பிலிப்பைன்ஸில் அறுபது லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்கும் ரோட்டரியின் முயற்சி தொடங்கிற்று. 1985-இல் உலகம் முழுவதற்குமாக 12 கோடி டாலர் திரட்ட நிச்சயித்தார்கள். 1988-க்குள் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் வாக்களிக்கப்பட்டது. தவறாமல் கூட்டத்துக்கு வந்தே தீரவேண்டும் என்ற அவர்களுடைய பழைய கண்டிப்பைப் பரிகசிப்போர் உண்டு. ஆனால் வைத்தியரும் வியாபாரியும் வாராவாரம் ஒரே மேஜையில் சந்தித்துப் பழகியிராவிட்டால், மருந்துக்குப் பணமும், அதைக் குளிர் குறையாமல் கொண்டுசெல்ல வண்டியும், முகாமுக்கு ஆளும் ஒருங்கே கிடைத்திரா. ஒரு களங்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்: குழந்தையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வந்தவள் பெரும்பாலும் தாய்தான், சங்கத்தின் விதியோ 1989 வரையில் ஸ்திரீகளை அங்கத்தினராக ஏற்கவில்லை.

1929-இலேயே சென்னையில் ரோட்டரிச் சங்கம் ஏற்பட்டுவிட்டது. 1995-இல் சர்க்கார் தொடங்கிய பல்ஸ் போலியோ தினங்களில் தேசமெங்கும் ரோட்டரி அங்கத்தினர்கள் முகாம்களில் ஊழியம் செய்தார்கள். 2011 ஜனவரி 13-ஆம் தேதி ஹவுராவில் நோயுற்ற குழந்தையே இந்தியாவில் இயற்கையான போலியோக் கிருமிக்கு இலக்கான கடைசிக் குழந்தை. 2014 மார்ச் 27-இல் நம் தேசம் அந்நோய் நீங்கியதாகச் சான்று பெற்றது. 1988-இல் 125 தேசங்களில் நிலைகொண்டிருந்த அக்கிருமிக்கு இப்போது பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானுமே உறைவிடம்.