படலைக்கு எது, மேசைக்கு எது?

வீட்டில் மூன்று கணனி, ஒரே இணைய இணைப்பு. ஆராவது கழித்துவிட்ட பழைய கணனி ஒன்றை இடையில் வைத்துப் படலைக்காவலுக்கு விடலாம். அதற்கு லினக்ஸா, பி.எஸ்.டி.யா என்று சென்ட் லோரன்டில் தெரிந்த பெடியள் கேட்பார்கள். இரண்டும் இலவசம், இரண்டினதும் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும்.

பி.எஸ்.டி.தான் மூத்தது. 1977 இல் கலிபோர்ணியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் யுனிக்ஸிலிருந்து கிளைத்தது. 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். அடுத்த வருடமே ஏ.டி.அன்ட்.டி.யின் துணை நிறுவனம் பி.எஸ்.டி.க்காரர் மேல் வழக்குப் போட்டது. 1994 இல் அது சமரசமாக முடியுமட்டும் பி.எஸ்.டி.யைத் தொடப் பலர் பயந்தார்கள். அந்த இடைவெளியில் லினக்ஸ் முந்திவிட்டது. ஆகவே ஆட்கள் கூட என்பதற்காக அதுதான் திறம் என்று சொல்லேலாது.

ஓபன் பி.எஸ்.டி.யின் கதை எங்களுக்குக் கிட்டவானது. பிள்ளைகளைத் தென்னாபிரிக்காவின் கட்டாய இராணுவ சேவைக்குக் கொடுக்க மனமில்லாமல் தியோ டி ராட்டின் பெற்றோர் 1977 இல் கனடா வந்தார்கள். நெட் பி.எஸ்.டி. குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட அவர், 1995 இல் கல்கரியில் இருந்து தனியாகத் தொடங்கியது இது. அப்போது அமெரிக்கச் சட்டத்தில் குறியாக்க மென்பொருளும் ஆயுதப் பட்டியலில் இருந்தது. கனடாவில் அவ்வளவு கெடுபிடி இல்லை. அமெரிக்கர் அனுப்ப முடியாததைக் கல்கரியிலிருந்து உலகத்துக்கு அனுப்பினார்கள். 1999 இல் இவர்கள் வெளியிட்ட ஓபன் எஸ்.எஸ்.எச். இன்று லினக்ஸ் கணனிகளிலும் ஓடுகிறது. 2003 இல் டி ராட் ஈராக் போருக்கு எதிராகப் பத்திரிகையில் கதைத்த கொஞ்ச நாளில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா கொடுத்துவந்த காசு நின்றது. வேலை நிற்கவில்லை.

படலைக்கு நான் இதைத்தான் சொல்வேன். தேவையில்லாத சேவைகள் பூட்டியபடியே வரும். 2001 இல் சேர்ந்த பி.எஃப். என்ற தீச்சுவரின் விதிகள், ஒரு வீட்டுக்கு ஒரு பக்கத்துக்குள் அடங்கும்; வாசித்தால் விளங்கும்.

பிள்ளைகளின் மேசைக்கு லினக்ஸ். வை-ஃபை அட்டை, அச்சுப்பொறி எல்லாவற்றுக்கும் சோலி குறைவு. கே.டி.ஈ., க்னோம் திரைகளைத் தமிழாக்கியதும் சம்பளம் வாங்காத எங்கடை ஆட்கள்தான். அவை பி.எஸ்.டி.யிலும் ஓடும். ஆனால் பிள்ளை வீட்டுப்பாடம் செய்யிற நேரத்தில் அப்பா கையேடு புரட்டிக்கொண்டு இருக்கக்கூடாது.