ஸ்திரீபார்ட்

ஸ்திரீபார்ட் என்பது தமிழ் இசை நாடகங்களில் கதாநாயகி வேடத்தையும், அவ்வேடத்தை ஏற்று நடிக்கும் கலைஞரையும் குறிக்கும் சொல்லாகும். வள்ளி, பவளக்கொடி, அல்லி, சாவித்திரி, சந்திரமதி, கண்ணகி முதலியவை ஸ்திரீபார்ட் வேடங்களாகும். கதாநாயகன் வேடம் ராஜபார்ட் எனப்படுகிறது. மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களின் ஊர்த் திருவிழாக்களில் நடைபெறும் ஸ்பெஷல் நாடகங்களில் இச்சொல் இன்றும் வழங்குகிறது.

பெயர்

பெண் என்னும் பொருள்படும் ஸ்திரீ என்ற வடசொல்லும், வேடம் என்னும் பொருளில் ஆளப்பட்ட பார்ட் என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து இப்பெயர் உருவானது. முதன்மைக் கதாநாயகியை அயன் ஸ்திரீபார்ட் என்றும் அழைப்பர். ஆண்கள் பெண் வேடம் புனைந்த காலத்தில் அவர்களுக்கும் இப்பெயரே வழங்கியது.

வரலாறு

இசை நாடகங்களின் முதன்மை ஆசிரியரான சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் உள்ளிட்ட பல நாடகங்களை இயற்றினார். அவர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே பெண் வேடங்களையும் ஏற்றனர்.

பெண்கள் நடிப்பதும் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே ஒரு நாடகக் குழுவை நடத்திப் பெரும்புகழ் பெற்றார். தொடக்ககால நடிகைகள் பலர் இசையையும் நடனத்தையும் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்.

கம்பெனி நாடகங்களுக்கு மாறாக, ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு கலைஞரும் அந்த ஓர் இரவுக்கெனத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்படுகிறார். கூட்டு ஒத்திகை கிடையாது. அனைவரும் ஒரே பாடங்களைக் கற்றிருப்பதால், அன்றிரவே முதன்முறையாகச் சந்திக்கும் ஸ்திரீபார்ட்டும் ராஜபார்ட்டும் விடியும் வரை சேர்ந்து நடிக்க இயலுகிறது.

அரங்கில்

நாடகம் இரவு பத்து மணியளவில் தொடங்கும். முதலில் பபூன் காமிக்கும், பின்னர் பபூனும் நடன நடிகையும் சேர்ந்து நிகழ்த்தும் காட்சியும் இடம்பெறும். அதன்பின்னரே மூலக்கதை தொடங்கும். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட், தாளம் ஆகியன பின்னணி இசைக்கருவிகளாகும்.

ஒலிபெருக்கி பரவாத காலத்தில் திறந்தவெளியில் கடைசி வரிசை வரை குரல் எட்ட வேண்டியிருந்தது. எனவே உச்ச ஸ்தாயியில் தெளிவான உச்சரிப்புடன் பாடுவது ஸ்திரீபார்ட்டின் முதல் தகுதியாகக் கருதப்பட்டது.

ஸ்திரீபார்ட்டின் திறமைக்கு உரைகல்லாக அமைவது தர்க்கம் எனப்படும் வாதப் பகுதியாகும். வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளி முதலில் நாரதரோடும், பின்னர் வேடனாகவும் கிழவனாகவும் வரும் முருகனோடும் வாதிடுகிறாள். எதிர்த்தரப்பினர் தொடுக்கும் கேள்விக்கு உரையாடலாலும் பாட்டாலும் உடனுக்குடன் விடையளிக்க வேண்டும். விடையளிக்கத் தவறினால் அவையோர் அப்போதே அறிந்துகொள்வர். சிறப்பாக விடையளித்தால் அன்பளிப்புகள் வந்து சேரும்; கொடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும்.

கம்பம் பள்ளத்தாக்கில்

தேனி மாவட்டம் 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னரும் பின்னரும் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வட்டாரங்களுக்கு மதுரையே நாடகத் தலைநகராக இருந்துவருகிறது. 1895இல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபின் முல்லைப் பெரியாற்று நீரால் நெல் விளையும் ஊர்களில், கோயில் திருவிழாவிற்கென ஊர்வரி பிரித்தோ தனியொருவர் நேர்த்திக்கடனாகவோ நாடகம் வைப்பது வழக்கம். மங்கலமான கதை என்பதால் வள்ளி திருமணமே மிகுதியாக நடத்தப்படுகிறது.

கோவலன் நாடகத்திற்கு இப்பகுதியில் தனித்த பொருத்தம் உண்டு. மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரை வழியே மேற்கு நோக்கிச் சென்றதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. வைகை தோன்றும் வருசநாட்டு மலை தேனி மாவட்டத்திலேயே உள்ளது. கூடலூருக்கு மேலுள்ள வண்ணாத்திப்பாறையில் மங்கலதேவி கண்ணகி கோயில் அமைந்துள்ளது. ஆண்டுக்கொருமுறை சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் அங்கு வழிபாடு நடைபெறுகிறது. ஆகவே இப்பகுதி மக்களுக்குக் கண்ணகி மேடையில் காணும் பாத்திரம் மட்டுமல்லாது, மலைமேல் ஏறி வணங்கும் தெய்வமும் ஆவாள்.

புகழ்பெற்ற கலைஞர்கள்

கே. பி. சுந்தராம்பாள் (1908–1980): கொடுமுடியில் பிறந்தவர். வேலு நாயர் நாடகக் குழுவில் நடித்தார். 1926இல் கொழும்பில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். 1927இல் அவரை மணந்தார். 1933இல் கிட்டப்பா இறந்தபின் வெண்ணிற ஆடை உடுத்தி, ஆண் நடிகருடன் இணையாக நடிப்பதில்லை என உறுதிபூண்டார். 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் திரைப்படத்தில் நந்தனாராகத் தாமே நடித்தார். அதற்காக ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். ஔவையார் (1953), பூம்புகார் (1964) ஆகியவை இவர் நடித்த பிற படங்களுள் குறிப்பிடத்தக்கவை.

கே. பி. ஜானகியம்மாள் (1917–1992): மதுரையைச் சேர்ந்தவர். சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து ஸ்திரீபார்ட்டாகப் புகழ்பெற்றார். சாதியைக் காரணம் காட்டி நடிகைகள் பலர் எஸ். எஸ். விஸ்வநாததாசுடன் நடிக்க மறுத்தபோது, இவர் அவருக்கு இணையாக நடித்தார். விடுதலைப் போராட்டத்திலும் பின்னர் பொதுவுடைமை இயக்கத்திலும் ஈடுபட்டுச் சிறை சென்றார். நாடகத்தில் ஈட்டிய பொருளை இயக்கத்திற்கே செலவிட்டார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எஸ். டி. சுப்புலட்சுமி: எம். கே. தியாகராஜ பாகவதருடன் பவளக்கொடி நாடகத்தில் நடித்தார். அந்நாடகம் 1934இல் திரைப்படமானபோது இருவரும் அதிலும் நடித்தனர்.

டி. பி. இராஜலட்சுமி (1911–1964): நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாசின் (1931) கதாநாயகி. 1936இல் மிஸ் கமலா படத்தை இயக்கினார்.

சமூக நிலை

மேடையில் தெய்வமாக வணங்கப்படும் நடிகை, மேடைக்கு வெளியே பழிச்சொல்லுக்கு ஆளாவது இத்தொழிலின் நீண்டகாலத் துயரமாகும். பிற ஆடவருடன் பலர் முன்னிலையில் நடிப்பதும், இரவுப் பயணமும் இப்பழிக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. மதுரையில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 2005இல் வெளியான தமது நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். நாடகத்திற்குச் செல்லும் வழியில் பிறர் பார்வையில் படாதவாறு நடிகைகள் எச்சரிக்கையுடன் பயணம் செய்வதை அவர் பதிவு செய்துள்ளார்.

நினைவும் பதிவும்

அமெரிக்காவின் பிராட்வே இசை நாடகங்களிலும் எத்தல் மெர்மன் (1908–1984) போன்ற கதாநாயகிகள் ஒலிபெருக்கியின்றிப் பாடியே புகழ்பெற்றனர். ஆனால் 1943இல் ஓக்லஹோமா நாடகத்தின் பாடல்கள் மேடையில் நடித்த குழுவினர் குரலிலேயே இசைத்தட்டாக வெளிவந்தபின், அங்கு அவ்வழக்கம் நிலைபெற்றது. அதனால் அக்குரல்களைப் பின்வந்த இரசிகர்களும் கேட்க முடிகிறது.

தமிழகத்தில் சுந்தராம்பாள் போன்ற சிலரின் குரலே இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் நிலைத்தது. ஊர் ஊராகச் சென்று பாடிய ஸ்திரீபார்ட்டுகளில் பெரும்பாலோரின் பாட்டும் தர்க்கமும் அந்த இரவோடு முடிந்தன. ஒத்திகையும் எழுதிய படியும் இன்றி அந்நேரத்தில் பிறந்த சொற்களாதலால், அவற்றை நூலில் தேடிப் பெறவும் இயலாது. கலைஞர்களின் படங்களுடன் அச்சிடப்பட்ட நாடக நோட்டீசுகளும், கேட்டவர்களின் நினைவுமே அவர்களைப் பற்றிய சான்றுகளாக எஞ்சியுள்ளன. பிற்காலத்தில் ஒலிநாடாக்களிலும் இணையக் காணொளிகளிலும் முழு நாடகங்கள் பதிவாகத் தொடங்கியுள்ளன.

இவற்றையும் பார்க்க

சங்கரதாஸ் சுவாமிகள்
வள்ளி திருமணம் (நாடகம்)
எஸ். எஸ். விஸ்வநாததாஸ்
மங்கலதேவி கண்ணகி கோயில்